முழுக்கோழியும் கழுத்துத் துண்டும்

குளிர்காலம் வந்துவிட்டால் போதும், குடும்பத்தோடு சாப்பிட 'அடைத்த கோழி' செய்வது எப்படி என்று காணொளிகள் வரிசைகட்டி வருகின்றன. ஓவன் வேண்டும், வெண்ணெய் வேண்டும், ரொட்டித்தூள் வேண்டும் என்கிறார்கள். எந்தக் குடும்பத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் தோழர்களே?

சென்ற மார்கழியில் வாசிப்பு வட்டத்துக்காக நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் தங்கினோம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களின் குடும்பம் அது. விடிந்தால் புல்லின் மேல் உறைபனி. வீட்டில் இருந்தது விறகடுப்பும் ஒரு கனத்த குண்டானும்தான். அதிலேயே அடைத்த கோழி செய்தோம்.

கோழியைத் துண்டு போடாமல் வாங்கினோம். முக்கால் பதத்தில் வடித்த சோறு, சின்ன வெங்காயம், இஞ்சி, நிறைய மிளகு, பொடியாக நறுக்கி வதக்கிய ஈரல். இதுதான் உள்ளே வைத்தது. இறுக்கி அடைத்தால் சோறு உப்பி நடுப்பகுதி வேகாது. தளர்வாக அடைத்து, நூலால் கட்டி, எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு, கொஞ்சம் வெந்நீர் ஊற்றி மூடினோம். மூடி மேல் தணல். உதகை உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் சமவெளியைவிடக் கூடுதல் நேரம் எடுத்தது. தொடையைக் கீறினால் சிவப்பு நீர் வராமல், உள்ளிருக்கும் சோறும் ஆவி பறக்கும் வரை பொறுத்திருந்தோம். ஒரே கோழி ஏழு பேருக்கு வந்தது. அடைக்கும் சோற்றின் அருமை அதுதான்.

பங்கு வைக்கும்போதுதான் பாடம் தொடங்கியது. குழம்பு என்றால் அம்மா அடுப்படியில் கடைசியாகச் சாப்பிடுவார். சட்டியில் அவருக்கு என்ன மிஞ்சியது என்று யாரும் பார்ப்பதில்லை. முழுக்கோழியை எல்லோர் கண்முன்னும்தான் பிரிக்க வேண்டும். அந்த அம்மா பழக்கத்தில் கழுத்தை எடுத்துக்கொண்டார். கல்லூரியில் படிக்கும் மகள் ஒரு காலை அவர் தட்டில் வைத்தாள்.

"எனக்குக் கழுத்துதான் புடிக்கும் பாப்பா."

"நீ என்னைக்கும்மா காலைத் தின்னு பாத்த?"

யாரும் பேசவில்லை. நம் வீட்டு ஆண்கள் உட்பட.

ஊரில் நமக்கு மறுக்கப்படும் பங்கைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். 2018இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். சுதந்திர தினத்தன்று கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. அங்கே போகும் நாம் அவர்களின் சைவச் சாப்பாட்டுக்கு நம்மை மாற்றிக்கொள்கிறோம். நம் அடுப்பில் வெந்த கோழியைத் தின்ன நம் வீட்டுத் திண்ணைக்கு வருபவர் எத்தனை பேர்? சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி அழியாது, சாதி கடந்த மணமே உண்மையான மருந்து என்று 1936லேயே அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் சொல்லிவிட்டார். கூடவே உட்காரவே தயங்குகிறவர்கள் மணத்துக்கு எங்கே வரப்போகிறார்கள்?

ஆனால் பந்தியில் சமத்துவம் கேட்கும் நாம், நம் அடுப்படியில் ஒரு பெண்ணைக் கழுத்துத் துண்டோடு உட்கார வைத்திருக்கிறோம். "அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்று சொல்லியும் கொள்கிறோம். சேரியில்தான் இருக்கப் பிடிக்கும் என்று நம்மைப் பார்த்து ஊர் சொல்வதும் இதே குரலில்தான்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவத் தோழர்களே, ஒரு முழுக்கோழி வாங்குங்கள். நீங்களே சமையுங்கள். ஊர்த்தெருவிலிருந்து உங்களோடு படிக்கும் நண்பரையும் வீட்டுக்கு அழையுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து, முதல் காலை அம்மா தட்டில் வையுங்கள். அவர் வேண்டாம் என்பார். எடுத்துவிடாதீர்கள்.