வெடித்த சுவருக்கு யார் சாட்சி?

நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் சேர்ந்து 900 மெகாவாட். இத்தகைய பெருவேலை எங்கு நடந்தாலும் முதலில் நிலம் அதிர்கிறது. தொழிலாளியின் சுவர் வெடித்தால், "இது பழைய வெடிப்பு" என்று கைவிரிப்பது கம்பனிகளுக்குச் சுலபம்.

இக்கரையோரம் மணற்பாங்கானது. இளகிய மணலில் பைல் அடித்தால் மணல் இறுகி அமிழும். ஆழமற்ற அத்திவாரம் ஒரு பக்கம் இறங்கும். ஜெர்மனியின் டின் 4150 நியமம், தாழ் அதிர்வெண்ணில், சாதாரண வீட்டின் அத்திவாரத்துக்கு செக்கனுக்கு 5 மில்லிமீற்றரையும், நொய்ந்த மரபுக் கட்டடத்துக்கு 3 மில்லிமீற்றரையும் வழிகாட்டு அளவாக வைக்கிறது. தென்னந்தோட்டக் குடியிருப்பையும் மலையக லயத்தையும் எந்த வகையில் சேர்ப்பீர்கள்?

உமா ஓயாவை மறக்கவேண்டாம். 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின; வீடுகள் வெடித்தன. நிலத்தடி நீர் இறங்கியதை அதிர்வுமானி காட்டாது. ஆகவே அதிர்வை மட்டும் அளந்துவிட்டு "ஆபத்தில்லை" என்பது ஏமாற்று.

நாம் அபிவிருத்திக்கு எதிரிகள் அல்லர். எமது கோரிக்கைகள் இவை:

வேலைக்கு முன் சுயாதீனப் பொறியியலாளர் ஒவ்வொரு வீட்டின் வெடிப்புகளையும் அளந்து படமெடுக்க வேண்டும். தமிழ்ப் பிரதி குடும்பத்தின் கையில் இருக்கவேண்டும். அத்திவாரத்தில் அதிர்வையும் கிணற்றில் நீர்மட்டத்தையும் அளக்க வேண்டும். எல்லை மீறினால் வேலை நிற்கவேண்டும். முன்பதிவு செய்யாத கம்பனி எல்லா வெடிப்புக்கும் நட்டஈடு தரவேண்டும்.

அதுவரை நாமே சுவரைப் படமெடுப்போம். வெடிப்பின் இரு முனையிலும் கோடிட்டுத் திகதி எழுதுவோம். பிரதியொன்றைக் கிளைத் தலைவரிடம் கொடுப்போம்.