மூணு மாசம் ரெஸ்ட் எடுக்கலாம், சோறு யாரு போடுறது?

எலும்பு முறிந்த ஒரு விவசாயி அஞ்சாவது வாரமே வயலில் இறங்கினால் நகரத்து நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு கூட்டம், "டாக்டர் சொல்றத இந்தச் சனங்க எங்க கேக்குது" என்று தலையில் அடித்துக்கொள்ளும். இன்னொரு கூட்டம், "மண்ணுல உழைச்ச உடம்புங்க, இரும்பு" என்று கைதட்டும். முதல் கூட்டத்தோடாவது உட்கார்ந்து பேசலாம். இந்த இரும்புக் கூட்டத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திருமயத்து எலும்பும் உங்கள் ஊர் எலும்பு மாதிரிதான் சாமி. மணிக்கட்டு முறிந்தால் மாவுக்கட்டு கிட்டத்தட்ட ஆறு வாரம். முழங்காலுக்குக் கீழே முறிந்தால் முழுப் பாரம் தாங்க மூன்று நான்கு மாதம், சிலருக்கு அதற்கும் மேலே. சர்க்கரை இருந்தாலோ, பீடி குடித்தாலோ இன்னும் தள்ளிப்போகும். உள்ளே வைத்த தகடு, எலும்பு கூடுகிறவரை பிடித்துக்கொள்ளத்தான். கூடாத எலும்பின் மேல் நெல் மூட்டையை ஏற்றினால் தகடு வளையும், உடையும், திருகாணி தளரும். இது எங்களுக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? டாக்டர் சொன்னது காதில் விழத்தான் செய்தது. வீட்டுக்கு வந்தால் மாடு கத்துகிறது.

எங்கள் ஊரில் ஒரு அக்கா. சொந்த நிலம் கிடையாது, நடவுக்கும் களைக்கும் போகிறவர். ஐப்பசி மழையில் வரப்பு வழுக்கி, கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு. அரசு ஆஸ்பத்திரியில் நல்லபடியாகவே பார்த்தார்கள், காசு வாங்கவில்லை, மாவுக்கட்டு போட்டு, "கையில தண்ணி படக்கூடாது, வெயிட்டு தூக்கக்கூடாது" என்று அனுப்பினார்கள். இதில் ஆஸ்பத்திரி மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. செவ்வாய்க்கிழமை குழுக் கடன் வசூலுக்கு வண்டி வரும். கட்டுப் போட்ட கையைப் பார்த்து வசூல் பண்ணுகிற பையன் பாவப்பட்டான்தான், ஆனால் தவணையைத் தள்ளிவைக்க அவனுக்கு அதிகாரம் இல்லை. முதல் வாரம் கைமாத்து, இரண்டாம் வாரம் தோடு, மூன்றாம் வாரம் ஒரு ஆட்டுக்குட்டி. அஞ்சாவது வாரம், கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு களை பறிக்க வந்துவிட்டார். கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரல் முழுசாக மடங்காது. தை அறுப்பில் அரிவாள் பிடிக்க முடியவில்லை, அறுக்கிறவர்களுக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்துப் பாதிக் கூலி வாங்கினார். அந்தக் கை இனி அப்படியேதான் இருக்கும்.

இவருக்கு எந்தத் திட்டமும் இல்லையா என்று கேட்பீர்கள். திட்டத்துக்கு என்ன பஞ்சம்? முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது, குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை. நல்ல திட்டம், அதனால் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரிக்குப் போகிற பணம். படுத்திருக்கிற நாளுக்கு ஒரு ரூபாய் கிடையாது. பேங்கில் வருடா வருடம் 20 ரூபாய் பிடிக்கிறார்களே, பிரதமரின் சுரக்ஷா பீமா, 2015-ல் வந்தது, அது? செத்தால் 2 லட்சம். ஒரு கையோ காலோ அடியோடு போனால் 1 லட்சம். முறிந்து, மூணு மாசம் முடக்கிப்போட்டு, அப்புறம் கூடிவிட்டால் பைசா கிடையாது. 100 நாள் வேலைக்கு 2005-ல் சட்டம் போட்டபோது, வேலை நடக்கிற இடத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் தினமும் பாதிக் கூலிக்குக் குறையாமல் கொடுக்கணும் என்று எழுதி வைத்தார்கள். கவனியுங்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறவரைக்கும்தான். மாவுக்கட்டுப் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினால்?

ஆக இந்த நாட்டுக் கணக்கில் நாங்கள் சாகலாம், ஊனமாகலாம். குணமாகிக்கொண்டு இருக்கிறவனுக்கு மட்டும் பேரேட்டில் பக்கமே இல்லை.

இப்போது ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு வேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பையனைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது. 1948-ல் போட்ட சட்டம். வேலையில் அடிபட்டால், வேலை செய்ய முடியாத நாளுக்கெல்லாம் சம்பளத்தில் 90 சதவீதம். வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தால்கூட நோய்க்கால உதவி 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரைக்கும். அவன் ரெஸ்ட் எடுத்தான். எலும்பு நேராகக் கூடியது. அவனுடைய அம்மாவும் இதே மண்ணில் உழைத்த உடம்புதான், அவருக்கு மட்டும் ஏன் எலும்பு கோணலாகக் கூடுகிறது? இரும்பு பற்றிப் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ரிஷப் பண்ட் 2022 டிசம்பர் 30-ஆம் தேதி கார் விபத்தில் சிக்கினார். முழங்கால் தசைநார் கிழிந்தது. மறுபடி அவர் களம் இறங்கியது 2024 மார்ச்சில், ஏறக்குறைய 15 மாதம் கழித்து. அத்தனை நாளும் வாரியத்தின் ஒப்பந்தப் பட்டியலில் பெயர் இருந்தது. ரொம்ப சரி, அப்படித்தான் ஒரு முழங்காலைக் குணப்படுத்தணும். நாற்று நடுகிற முழங்காலும் ஒரு முழங்கால் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

அப்புறம், புத்தூர் கட்டு. "இந்தக் காலத்திலும் நாட்டு வைத்தியரிடம் போகிறீர்களே" என்று அடிக்கடி கேட்கிறார்கள். சில முறிவுகளை அங்கே கொண்டுபோய்க் கெடுத்துக்கொண்டவர்களை எனக்கும் தெரியும், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்குப் போய் அட்மிட் ஆனால் கூட ஒரு ஆள் இருக்கணும். ஒருத்தர் எலும்பு உடைந்தால் இரண்டு பேர் கூலி போகும். வைத்தியரிடம் கட்டிக்கொண்டு சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதுதான் பலருக்கும் காரணம், மூடநம்பிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் ஆரம்பித்தார்கள், அதில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அருமையான ஏற்பாடு. அவர்கள் கதவைத் தட்டும்போது நோயாளி வீட்டில் இருக்கணுமே! அவர் ஆட்டோடு கண்மாய்க்கரையில் நிற்பார்.

சொந்த நிலம் இருக்கிற என்னைப் போன்றவன் கதை இன்னும் வேடிக்கை. எனக்கு நானே முதலாளி, யாரிடம் போய் இழப்பீடு கேட்பது? கூலிக்குப் போகிறவருக்கும் திங்கட்கிழமை ஒரு வயல், புதன்கிழமை ஒரு வயல், எந்த முதலாளியைப் பிடிப்பார்? இதனால்தான் ஜெர்மனியில் 1886-லேயே விவசாய வேலைக்கும் விபத்துக் காப்பீட்டைச் சட்டமாக்கினார்கள். இன்றைக்கு அங்கே விவசாயி அடிபட்டுப் படுத்தால், மாடு கறக்கவும் வேலையைப் பார்க்கவும் காப்பீட்டுக் கணக்கிலேயே மாற்றாள் அனுப்புகிற ஏற்பாடு உண்டு. எங்கள் ஊரிலும் பங்காளி வந்து ஒரு வாரம் பால் கறப்பான், இரண்டு வாரம் கறப்பான். மூன்றாம் வாரம் அவன் வயலிலும் வேலை இருக்கும், அவனைக் குறை சொல்ல முடியுமா?

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு 100 நாள் வேலைக் கூலி 336 ரூபாய். முறிவுக்கு 60 நாள் கூலி என்று வைத்தால் 20,160 ரூபாய். உழவர் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அட்டை இருக்கிறது, பேங்க் கணக்கு இருக்கிறது. அதில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

"ஏமாத்துவாங்க சார், எல்லாரும் கட்டுப் போட்டுட்டு வந்து நிப்பாங்க" என்று ஒரு அதிகாரி என்னிடம் சொன்னார். முதுகு வலியை நடிக்கலாம், காய்ச்சலை நடிக்கலாம். முறிந்த எலும்பை எப்படி நடிப்பது? எக்ஸ்ரே எடுப்பது அரசு ஆஸ்பத்திரி, அதைப் பார்த்து எத்தனை வாரம் என்று சீட்டில் எழுதுவதும் அரசு டாக்டர். அந்தச் சீட்டில் "ஓய்வு: 6 வாரம்" என்று கவர்மெண்டே கையெழுத்துப் போட்டுத்தானே கொடுக்கிறது. அந்த ஆறு வாரத்துக்கான கூலியையும் அதே சீட்டை வைத்துக் கொடுக்கச் சொல்கிறேன்.