உடைந்த அணையும் உலர்ந்த வாய்க்காலும்

யுத்தத்தில் அணை உடைந்ததென்றால் யாவரும் வெள்ளத்தையே நினைப்பர். உழவர் நினைக்க வேண்டியது அதற்குப் பின் வரும் வறட்சியை.

உக்ரைன் நாட்டில் நீப்பர் நதியின் குறுக்கே 1956-இல் எழுந்த ககோவ்கா அணை, ரஷ்யப் படையினர் வசமிருந்தபோது 2023 ஜூன் 6 அன்று தகர்ந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஊர்கள் மூழ்கின. மக்கள் பலர் மாண்டனர். வெள்ளம் சில வாரங்களில் வடிந்துவிட்டது. ஆனால் 18 கன கிலோமீட்டர் ஜலம் தேங்கக்கூடிய ஏரி வெறுமையாயிற்று. அதனை நம்பியிருந்த 31 பாசன அமைப்புகள் நீரிழந்தன. 2021-இல் அவை 5,84,000 ஹெக்டேருக்குப் பாய்ந்தன என்று அந்நாட்டு விவசாய அமைச்சகம் அறிவித்தது. தர்ப்பூசணிக்குப் பெயர்பெற்ற கெர்சான் பிரதேசத்தில், வெள்ளம் எட்டாத வயல்களையும் இந்நஷ்டம் எட்டியது.

ஜனங்களுக்குப் பேரிழப்பு நேருமாயின் அணைகளைத் தாக்கலாகாதென்றும், அவர்தம் ஜீவனத்துக்கு இன்றியமையாத பாசன ஏற்பாடுகளை அழிக்கலாகாதென்றும் 1977-ஆம் ஆண்டு ஜினீவா நெறிமுறை விதிக்கிறது. சட்டம் உண்டு, காவல்தான் இல்லை.

சங்கப் பேரேட்டில் ஒரு பற்று விடுபட்டாலும் நாம் கணக்கை ஏற்பதில்லை. அங்ஙனமே, நஷ்டஈடு கணக்கிடுவோர் இடிந்த வீடுகளோடு நிறுத்தலாகாது. நீரின்றிக் கழியும் ஒவ்வொரு போகமும், உழவன் இழந்த ஒவ்வொரு விளைச்சலும் அக்கணக்கில் ஏற வேண்டும். அணையை மீண்டும் எழுப்பும் நாள்வரை அக்கணக்கை முடித்தல் நியாயமன்று.