சட்டைப் பையில் நெருப்பு

1998-இல் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது முதல், ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் ஏறித் துவாஸ் தொழிற்சாலைகளுக்குப் போய் வருகின்றனர். அப்பன் உளி பிடித்தான். மகன் ஸ்பேனர் பிடிக்கிறான். நமக்குப் பெருமைதான். ஆனால் அவர்களில் சிலருடைய சட்டைப் பையிலும் மோட்டார் சைக்கிள் இருக்கையின் அடியிலும் ஒளிந்து போகும் ஒரு பொருளைப் பற்றி எழுதாமலிருக்க முடியவில்லை. 'வேப்' எனும் மின் புகைக்குழலைத்தான் சொல்லுகிறேன்.

சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் அதை வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பர் 1-இல் தண்டனை மேலும் கடுமையாயிற்று. முதல் தடவை பிடிபட்டாலே பெரியவருக்கு 700 வெள்ளி அபராதம் என்றார்கள். திரும்பத் திரும்பப் பிடிபடும் வெளிநாட்டுத் தொழிலாளி வேலை அனுமதியையே இழக்க நேரும். துவாஸ் சோதனைச் சாவடியில் எத்தனையோ முறை பறிமுதல் நடந்திருக்கிறது. இது எல்லோரும் அறிந்த கதை. அறியாதது அதனுள் இருக்கும் பேட்டரியின் கதை.

கடைச்சரக்கில் திருப்தியடையாத சில இளைஞர், கம்பிச்சுருளைத் தாமே சுற்றி, புகை மேகமாய் எழவேண்டுமென்று அதன் மின்தடையைக் குறைத்துக்கொண்டே போகின்றனர். (அந்தப் புகையில் என்ன சுகமோ, எனக்கு விளங்கவில்லை.) முழுச் சார்ஜ் ஏறிய லித்தியம் பேட்டரி 4.2 வோல்ட். தடை 1 ஓம் என்றால் 4.2 ஆம்பியர் மின்சாரம் ஓடும், 0.2 ஓம் என்றால் 21; 0.1 என்றால் 42. கிராணிமார் வகுத்துப் பார்க்கட்டும். 18650 என்ற உருளைப் பேட்டரியில் நல்ல சரக்கே தொடர்ந்து 20, 25 ஆம்பியர்தான் தாங்கும். பல வகைகள் 10-க்கு மேல் தாங்கா. இருட்டில் மரம் வெட்டுவோர் நெற்றியில் கட்டும் விளக்குகளிலும் இதே அளவு உருளை உண்டு. அதைக் கழற்றிக் குழலில் போட்டால் என்னவாகும்? உள்ளே சூடு ஏறும். ஓரளவுக்கு மேல் அந்தச் சூடே மேலும் சூட்டை உண்டாக்கும். பிறகு நிறுத்த முடியாது. இரண்டு பேட்டரியை வரிசையாகப் போடுகிறவன் 8.4 வோல்ட் என்று வைத்துக் கணக்கிட வேண்டும்.

உறையில் அச்சிட்ட எண்ணை நம்பவும் வழியில்லை. பழைய பேட்டரிக்குப் புதிய உறை மாட்டிப் பெரிய எண்ணைப் போட்டு விற்கும் வியாபாரம் நடக்கிறது. இவ்வகைப் பேட்டரிகளைத் தனியாக வாங்கிப் பயன்படுத்தாதீர்கள் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் எச்சரித்தது. 2018-இல் புளோரிடாவில் ஒருவர், காவல் சுற்று எதுவும் இல்லாமல் பொத்தானை அழுத்தியதும் நேரே மின்சாரம் பாயும் குழல் வெடித்து மாண்டார். 2019-இல் டெக்சாஸில் ஓர் இளைஞரின் கழுத்து இரத்தக் குழாயை வெடித்த துண்டு அறுத்தது; அவரும் பிழைக்கவில்லை.

குழலே வேண்டாம், பேட்டரி மட்டும் பையில் கிடந்தாலும் போதும். அதன் உலோக உடல் முழுவதும் எதிர்முனை; நேர்முனையோடு ஒட்டாமல் காப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறைதான். உறை கிழிந்த இடத்தில் சாவியோ சில்லறையோ இரு முனைகளையும் தொட்டால் தொடை வெந்துவிடும். இனி, சாவடியில் வரிசையில் நிற்கும் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். பிடிபடுவோம் என்ற பயத்தில் கண்ட இடத்தில் செருகுகிறான். சுட்டுக்கொண்டாலும் காயத்தை மறைக்கிறான்.

தடை செய்த பொருளுக்குப் பாதுகாப்பு சொல்வது அதை வளர்ப்பதாகும் என்பர் சிலர். நான் ஒப்பவில்லை. சம்சு குடியாதே என்று மேடைதோறும் பேசினோம்; குடித்துக் கண் மங்கியவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாமல் விட்டோமா? வேப் வேண்டாம் என்பதே நம் முதல் வார்த்தை. கேளாதவனும் நம் பிள்ளைதான். அவன் தடையை அளக்காமல் சுருளை மாட்டக்கூடாது. உறை கிழிந்த பேட்டரியைத் தொடக்கூடாது.

கிளைச் சங்கச் செயலாளர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்கவேண்டும். நெற்றி விளக்கு, கைப்பேசி, மின்சார சைக்கிள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே தமிழில் விளக்கலாம். தோட்ட ஆபீசில் மணல் நிரப்பிய இரும்பு வாளி ஒன்றை வைத்தால், வீங்கிப்போன பழைய பேட்டரியை முனைகளில் டேப் ஒட்டி அதில் போடலாம். இப்போது அவை லயத்துக் குப்பையோடு எரிகின்றன.