பட்டியல் தயார், பாடவேளை?

நான்காம் வகுப்பை முடிக்கும் குழந்தைக்குப் பின்னங்களில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? 2017-இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட கற்றல் விளைவுகள் ஆவணம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. தாளை மடித்தும், பொருள்களின் குவியலிலிருந்து எடுத்தும் அரை, கால், முக்கால் பங்கை அடையாளம் காட்ட வேண்டும். 2/4-உம் 1/2-உம் சமம் என்று காட்ட வேண்டும். அதே ஆண்டு, கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளிலும் வகுப்புவாரிக் கற்றல் விளைவுகள் சேர்க்கப்பட்டன. எழுதியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி வகுப்பறைக்கு வருவோம். தாளை நான்காக மடித்து ஒரு பகுதிக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் செய்துவிடுவார்கள். 12 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, ‘இதில் கால் பங்கை எடு’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு குழந்தை ஒரே ஒரு கொட்டையை எடுக்கும். இன்னொன்று நான்கை எடுக்கும். இரண்டும் தவறு, ஆனால் ஒரே தவறு அல்ல. ஒன்றை எடுத்த குழந்தைக்கு, 12 கொட்டைகளும் சேர்ந்ததுதான் முழுமை என்பது பிடிபடவில்லை. நான்கை எடுத்த குழந்தை, பின்னத்தில் கீழே நிற்கும் எண்ணை எண்ணிக்கையாகவே வாசிக்கிறது. நான்கை எடுத்த குழந்தையிடம் கொட்டைகளை நான்கு பேருக்குச் சமமாகப் பங்கிடச் சொன்னால் தெளிவு வரக்கூடும். ஒன்றை எடுத்த குழந்தைக்கு அதற்கும் ஒரு படி பின்னால் போக வேண்டும். எந்தக் குழந்தை எங்கே சறுக்கும், அங்கே எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்ற இந்த அறிவு விளைவுப் பட்டியலில் கிடைக்காது. அந்த வகுப்பைப் பல ஆண்டுகள் கவனித்து நடத்திய ஆசிரியரிடம் இருக்கிறது. அதைப் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் கொண்டு சேர்ப்பதில்தான் நாம் தோற்கிறோம்.

தமிழ்நாடு முயலவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் அட்டைகளும் ஏணிப்படிகளுமாக மாநிலம் முழுவதும் பரவியது. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. பயிற்சி நூலும் ஆசிரியர் கையேடும் தந்தது. ஒவ்வொன்றிலும் நல்ல யோசனைகள் இருந்தன. ஆனால் எல்லாமே ஒரே வழியில்தான் பள்ளிக்கு வந்தன: மாநிலக் கருத்தாளர் மாவட்டக் கருத்தாளருக்குச் சொல்வார், அவர் வட்டாரத்துக்குச் சொல்வார், வட்டாரத்தில் ஆசிரியர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். புளியங்கொட்டை விவகாரம் இந்தப் பயணத்தின் முதல் இறக்கத்திலேயே உதிர்ந்துவிடுகிறது. கடைசியில் வந்து சேர்வது எந்தப் படிவத்தை எப்போது நிரப்ப வேண்டும் என்பதுதான்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வட்டார வள மையங்கள் அமைந்தன. ஆசிரியர் பயிற்றுநர்கள் நியமிக்கப்பட்டார்கள். பள்ளிக்குப் போய், வகுப்பில் உட்கார்ந்து, ஆசிரியரோடு பாடத்தைப் பற்றிப் பேசுவது அவர்கள் வேலை. இன்று அவர்களில் பலருடைய நாள் எப்படிக் கழிகிறது என்று எந்தப் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். எமிஸ் தளத்தில் தரவுப் பதிவு முடிந்ததா, விலையில்லாப் பொருள்கள் வந்தனவா, கழிப்பறைப் புகைப்படம் எங்கே? ‘இன்று மதியத்துக்குள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் அவசரத்துக்கு மட்டும் என்றுமே விடுமுறை இல்லை. இன்னொரு குறையும் உண்டு. பயிற்றுநர்கள் பட்டதாரி ஆசிரியர் நிலையில் வந்தவர்கள். இயற்பியல் படித்தவர் முதல் வகுப்பு ஆசிரியருக்கு வாசிப்பு கற்பிக்கும் முறையில் வழிகாட்ட வேண்டியிருக்கிறது. அது அவர் குற்றமல்ல.

‘கை நிறையச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் கையேட்டைப் பிரித்துப் படித்தாலே போதுமே’ என்ற குரல் கேட்காமல் இல்லை. பிரிக்காதவர்களும் இருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு நடத்துகிறார். கையேட்டில் உள்ள 40 நிமிடப் பாடவேளையை அவர் எதில் கழிப்பது, எதில் கூட்டுவது என்று கையேடு சொல்வதில்லை. சோம்பேறி ஆசிரியரைத் திருத்துவதற்காக வகுத்த கண்காணிப்பு, உழைக்கும் ஆசிரியரின் நேரத்தைத்தான் முதலில் தின்கிறது.

ஆகவே நம் கோரிக்கை மூன்றாவது ஒரு திட்டம் அல்ல. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களைத் தகவல் அறிவிக்கும் கூட்டங்களாக நடத்துவதை நிறுத்துங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கற்றல் விளைவு போதும். ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் நோட்டுகளைக் கொண்டுவரட்டும். தவறான விடைகளை மேசையில் பரப்பி, அடுத்த வாரம் என்ன செய்வது என்று தங்களுக்குள் முடிவெடுக்கட்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் கூட்டாக ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகள் யோசிக்கும் விதத்தைக் கவனித்துப் பின்னர் விவாதிக்கும் வழக்கம் ஒரு நூற்றாண்டைத் தாண்டியது. அங்கே பார்வைக்கு வருபவர் மதிப்பெண் போட வருவதில்லை. இங்கே வகுப்பறைக்குள் யார் நுழைந்தாலும் அது ஆய்வாகிவிடுகிறது. குறையை மறைப்பதே ஆசிரியருக்குப் பாதுகாப்பாகிறது. வழிகாட்டுபவரின் குறிப்பு மேலதிகாரிக்குப் போகக் கூடாது என்று எழுத்தில் உறுதி தராமல் இது மாறாது.

தொடக்க வகுப்புகளுக்கு வழிகாட்ட, அந்த வகுப்புகளை நன்றாக நடத்தித் தேர்ந்த இடைநிலை ஆசிரியர்களையே சில ஆண்டுகளுக்கு அழைக்கலாம். பதவி உயர்வாக வேண்டாம். வகுப்பறைக்குத் திரும்பிவிடும் சுழற்சிப் பணியாக இருக்கட்டும். அந்த ஆண்டுகளில் அவர்கள் பள்ளிக்கு மாற்று ஆசிரியர் தர வேண்டும். செலவுதான். இந்தக் கணக்கில் சிக்கனம் பார்த்தால் மிச்சமெல்லாம் பேச்சாகவே நிற்கும்.

இதற்கெல்லாம் வேண்டிய நேரத்துக்குச் சட்டமே துணை நிற்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. தரவுப் பதிவு கல்விப் பணியா என்று வாதாடிக்கொண்டிருக்காமல், அதற்கென்று குறுவள மையத்துக்கு ஓர் உதவியாளரை நியமித்துவிடலாம். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன், எந்தெந்த விவரங்களை ஆசிரியரிடமும் பயிற்றுநரிடமும் இனிக் கேட்கக் கூடாது, மீறிக் கேட்டால் எந்த அதிகாரி பதில் சொல்வார் என்று பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கையில் எழுதி வெளியிட வேண்டும்.