வைரமும் சுத்தியலும்

1649ஆம் ஆண்டு தை மாதம் 30ஆம் திகதி, இலண்டனில் வைற்ஹோல் அரண்மனையின் விருந்து மண்டபத்துக்கு முன்னால் முதலாம் சாள்ஸ் மன்னனின் தலை வெட்டப்பட்டது. அத்துடன் அரசனின் கதை முடிந்தது என்று வென்றவர்கள் எண்ணினர். ஆனால் மறைவாக அணிவதற்கேற்ற சிறிய வெள்ளிப் பதக்கங்கள், வளையம் பொருத்தப்பெற்று, அவனுக்காகத் துயருற்றோரிடையே உலவலாயின. அவனது நாணயங்களுக்கு அச்சு வெட்டிய தோமஸ் றோலின்ஸின் கைவேலை என்றே அவற்றுட் பல கருதப்படுகின்றன.

அப்பதக்கங்களின் மறுபுறத்தைப் பார்த்தல் வேண்டும். ஒன்றில், பட்டடைக்கல்லின் மேல் ஒரு வைரம். அதன்மீது சுத்தியல் அடிக்கின்றது. "வெல்லவொண்ணாதது" என்னும் பொருள்பட ஓர் இலத்தீன் சொல். மற்றொன்றில், கடற்புயல் மோதியும் அசையாத பாறை. பிற்காலத்தில் றொட்டியர் குடும்பத்தார் வார்த்த பதக்கத்திலோ, விண்ணிலிருந்து ஒரு கை நீண்டு முடியொன்றை ஏந்துகின்றது. கீழே ஆடுகள் நிற்கும் நிலம். மேய்ப்பனை இழந்த மந்தை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வைரம் தன் ஆட்சியில் எவ்வாறு விளங்கியது? 1629 முதல் 1640 வரை பதினோராண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே சாள்ஸ் ஆண்டான். துறைமுகப் பகுதிகளுக்குரிய கப்பற்பணத்தை 1635இல் கடலையே காணாத உள்நாட்டு உழவரிடமும் அறவிட்டான். ஜோன் ஹம்ப்டன் 20 ஷில்லிங்கைக் கொடுக்க மறுத்து வழக்காடினார். நீதிபதிகள் பன்னிருவருள் எழுவர் மன்னன் பக்கமே தீர்ப்பளித்தனர். இவற்றுள் எதுவும் வெள்ளியிற் பொறிக்கப்படவில்லை.

எனினும், சுத்தியலைப் பிடித்தவர்களும் பழிக்குத் தப்பார். 1648ஆம் ஆண்டு மார்கழியில் படையினர் பாராளுமன்ற வாயிலில் நின்று, தமக்கு இசையாத உறுப்பினரைத் தடுத்தனர். எஞ்சியோரே மன்னனை விசாரிக்க நீதிமன்றம் அமைத்தனர். சட்டத்தை மீறியவனைச் சட்டத்தை மீறியே தண்டித்தமையால், கொடுங்கோலன் தியாகியாயினான் என்பதே நமது கருத்து. புதிய ஆட்சி தன் பெருமுத்திரையில் மன்னன் உருவை நீக்கி, மக்கள் சபையின் அமர்வையும் நாட்டின் படத்தையும் பொறித்தது. கருத்து உயர்ந்ததுதான், ஆனால் அதைக் கழுத்தில் அணிந்து கண்ணீர் விடுவார் யார்?

மன்னனே எழுதியதாக வெளியான 'ஐக்கன் பசிலிக்கே' என்னும் நூல் ஓராண்டுக்குள் ஏறத்தாழ 35 பதிப்புக்களைக் கண்டது. அதன் முகப்புப் படத்திலும் அதே பாறை உண்டு. மண்ணுலக முடியைக் காலடியில் விட்டு, முள்முடியைக் கையிலேந்தி மன்னன் முழந்தாளிடுகின்றான். அருகில் பாரங்கள் தொங்கும் பனையினத்து மரமொன்று, சுமையிலும் அறம் வளரும் என்பதற்கு அடையாளமாம். பனையோடு வாழும் நமது கமக்காரர் இதைக் கேட்டாற் சிரிப்பர்! கவிஞர் மில்ற்றன் அதே ஆண்டில் அந்நூலுக்கு மறுப்பெழுதி, முகப்புப் படத்தையும் நாடக வேடமென ஏளனஞ் செய்தார். நியாயம் பெரிதும் அவர் பக்கமே. வாசகரோ படத்தின் பக்கம் நின்றனர்.

1660இல் முடியாட்சி மீண்டது. தை 30ஆம் நாளுக்கெனத் திருச்சபை வகுத்த வழிபாடு 1859 வரை நீடித்தது. 1641இல் பாராளுமன்றம் சட்டவிரோதமென ஒழித்த கப்பற்பணம் மட்டும் மீளவில்லை.