தோட்டாவைத் தேர்ந்த பிறகு

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோயில் குளத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய வீடு இருப்பதாகக் கொள்க. பிள்ளைகள் கடல்கடந்து போய்விட்டார்கள். எழுபதைக் கடந்த தம்பதியர் மட்டும் எஞ்சியிருக்கிறார்கள். மர அலமாரியில், உரிமத்தோடு கைமாறி வந்த பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று கிடக்கிறது. பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த செய்தி வந்த அன்று இரவு, அமெரிக்காவிலிருந்து மகன் பேசுகிறான்: “அப்பா, அதற்குச் சரியான தோட்டா வாங்கி வையுங்கள். சிறிய ரவை போதாது. பெரியதாகப் பார்த்து வாங்குங்கள்.”

இந்த அறிவுரை இன்று ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. எந்தத் தோட்டா எத்தனை அங்குலம் துளைக்கும், எது சுவரைத் தாண்டும், எது தாண்டாது என்று விளக்கும் காணொளிகள் முடிவின்றி வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். பெரும்பாலோர் பெற்றோரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள். குறை அவர்களுடைய கவலையில் இல்லை, அந்தக் கவலைக்கு விடையாக அவர்களிடம் நீட்டப்படும் கேள்வியில் இருக்கிறது. எந்தத் தோட்டா என்று கேட்பவர், யாரைச் சுடப்போகிறோம் என்பது தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டே கேட்கிறார். உண்மையில் தெரியாதது அது ஒன்றுதான்.

முதலில் அந்தக் கேள்வியை அதன் களத்திலேயே எதிர்கொள்ளலாம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே பன்னிரண்டு போர் குழலின் விட்டம்: ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். தோட்டாவின் உள்ளே நிரப்பப்படும் ரவையின் அளவுதான் தேர்வுக்கு உரியது. இந்தியக் கடைகள் பின்பற்றும் பழைய பிரிட்டிஷ் வரிசையில், எல்.ஜி., எஸ்.ஜி. என்பவை பெரியவை. எஸ்.ஜி. ரவை ஒன்றின் விட்டம் சுமார் 8.4 மில்லிமீட்டர். எண் ஏற ஏற ரவை சிறுக்கும். ஆறாம் எண் ரவை 2.6 மில்லிமீட்டர் அளவுதான். பெரிய ரவை ஒரு தோட்டாவில் பத்துக்கு உட்பட்டு அடங்கும், சிறியது நூற்றுக்கணக்கில் அடங்கும்.

அமெரிக்க விவாதம் இந்த இரண்டுக்கும் நடுவே ஆடுகிறது. பெரிய ரவை ஆளை நிறுத்தும், ஆனால் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்கும் போகும். சிறிய ரவை சுவரில் தேங்கும், ஆனால் ஆளை நிறுத்தும் என்று உறுதி சொல்ல முடியாது. அங்கே இது பொருளுள்ள விவாதம், ஏனெனில் அங்குள்ள வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் இருபுறமும் அறைந்த, 13 மில்லிமீட்டர் கனமுள்ள ஜிப்சம் பலகை. ஸ்ரீவராகத்து வீட்டுக்கு இந்தக் கணக்கை அப்படியே எடுத்துவந்தால் என்ன ஆகும்? சுவர் செங்கல்லாலோ வெட்டுகல்லாலோ ஆனது. அதில் பட்ட ஈயம் சிதறித் தெறிக்கும். ஆனால் அந்த வீட்டின் வழிகள் சுவரில் இல்லை. கம்பி போட்ட சன்னல், பலகைக் கதவு, திறந்த முற்றம், சந்துக்கு அப்பால் கை நீட்டினால் எட்டும் அடுத்த வீட்டுச் சன்னல் ஆகியவைதாம் வழிகள். சன்னலுக்கு வெளியே போன ரவைக்கு எந்தச் சுவர்க் கணக்கும் பொருந்தாது.

ஷாட்கன் என்றால் குறி பார்க்க வேண்டியதில்லை, ரவை விரிந்து பரவிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஒரு கூடத்தின் நீளமான நான்கைந்து மீட்டரில் ரவைக்கூட்டம் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேல் பெரிதாக விரிவதில்லை. ஆகவே நடுங்கும் கை, உறக்கம் கலையாத கண், அணைந்த விளக்கு என்னும் மூன்றையும் வைத்துக்கொண்டு குறி பார்த்தே சுட வேண்டும். குறி பார்ப்பதற்கு முன்னால், எதிரே நிற்பது யார் என்று அறிந்தாக வேண்டும். அதை அறிவிக்கும் தோட்டாவை எந்த ஆலையும் செய்யவில்லை.

2013 பிப்ரவரி 14 விடியற்காலையில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தம் வீட்டுக் கழிவறைக் கதவின் வழியே நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். திருடன் என்று நினைத்தேன் என்பது பிஸ்டோரியஸ் தரப்பின் வாதம். அவருடையது கைத்துப்பாக்கி, அதில் இருந்தவை உடலில் பட்டதும் விரியும் வகைக் குண்டுகள். ‘வீட்டுப் பாதுகாப்புக்கு’ வல்லுநர்கள் வழக்கமாகப் பரிந்துரைக்கும் வகையும் அதுவே. தேர்வில் பிழை சொல்ல யாருக்கும் இடமில்லை. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்த்தது. கதவுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார், சுட்டால் அவர் சாகக்கூடும் என்று தெரிந்தே சுட்டவருக்கு, அந்த ஒருவர் யார் என்பதில் ஏற்பட்ட மயக்கம் காப்பாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தென்னாப்பிரிக்கா தொலைவு என்பவர்கள் கேரளத்து மலையோர ஊர்களைப் பார்க்கலாம். காட்டுப்பன்றி என்று நினைத்து மனிதர்மீது சுட்ட நிகழ்வுகள் அங்கே நடந்திருக்கின்றன. சுட்டவர்கள் துப்பாக்கி பழகியவர்கள், களம் தெரிந்தவர்கள், இருட்டில் கண் பழகியவர்கள். அவர்களுக்கே புதருக்குப் பின்னால் அசைந்தது விலங்கா மனிதனா என்று விளங்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கும் முதியவருக்கு, இரவு இரண்டு மணிக்குக் கொல்லைக் கதவில் கேட்ட ஓசை திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த மனைவியா, சொல்லாமல் வந்து நிற்கும் பேரனா என்று எப்படி விளங்கும்?

சட்டம் துப்பாக்கியை மறுப்பதாக ஒரு புலம்பல் உண்டு. அது உண்மையன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பதின்மூன்றாம் பிரிவில், இருபது அங்குலத்துக்குக் குறையாத குழலுடைய வழுவழுப்பான உட்புறத் துப்பாக்கியைத் தற்காப்புக்காகக் கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்குவதையே பொது விதியாக வைத்து, மறுப்பதற்கான காரணங்களைத் தனியே வகுக்கிறது. தற்காப்பு உரிமையும் தாராளமானதே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவின்படி, சூரியன் மறைந்த பின் வீட்டை உடைத்துப் புகுபவனுக்கு எதிராக அந்த உரிமை உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளும். 2010இல் தர்ஷன் சிங் வழக்கில், நியாயமான அச்சம் இருந்தாலே தற்காப்பு உரிமை பிறந்துவிடும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உயிருக்கு அஞ்சியவன் கொடுத்த அடியைப் பொன் நிறுக்கும் தராசில் நிறுக்கலாகாது என்பதும் நீதிமன்றங்கள் பலமுறை சொன்னதுதான்.

ஆனால் அதே சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு இரண்டு வேலிகளைப் போடுகிறது. அரசின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. முற்றத்தில் தேங்காய் பொறுக்க வந்தவனும், மதில் ஏறிக் குதித்து ஓடுபவனும் 41ஆம் பிரிவுக்குள் வரமாட்டார்கள். காணொளியில் பேசுபவர் மொழியில் ‘இலக்கு’ ஒன்றுதான். சட்டத்தின் மொழியில் வீட்டை உடைத்தவன், அத்துமீறியவன், வழி தவறியவன், குடிபோதையில் கதவு மாறித் தட்டியவன் என்று பலர் இருக்கிறார்கள். விசையை இழுக்கும் ஒரு நொடியில் இவர்களைப் பிரித்தறிய வேண்டிய பொறுப்பு அந்த முதியவருடையது. விடிந்தபின் காவல் நிலையத்தில் நிற்கவேண்டியவரும் அவர்தான், அறிவுரை சொன்ன மகன் அல்லன்.

இதில் தீராத முரண் ஒன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பாதுகாப்பான இருப்புக்கு உரிமதாரரைப் பொறுப்பாக்குகின்றன. விதிப்படி பூட்டி, தோட்டாவைத் தனியே வைத்தால், கதவு உடையும் நேரத்தில் துப்பாக்கி பயன்படாது. தலையணைக்கு அடியில் தோட்டா ஏற்றி வைத்தால், வீட்டிலுள்ள குழந்தைக்கும் வேலைக்கு வருபவருக்கும் திருடனுக்கும் அது முதலில் பயன்படும். எல்.ஜி.யா எஸ்.ஜி.யா என்று எத்தனை ஆராய்ந்தாலும் இந்த முரண் அவிழாது.

துப்பாக்கி ஆதரவாளர்கள் வரலாற்றையும் அழைத்துவருவதுண்டு. ஆங்கிலேயர் 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்து இந்தியரை நிராயுதபாணிகள் ஆக்கினார்கள், காந்தியே அதைக் கண்டித்தார், 1931இல் கராச்சி காங்கிரஸ் ஆயுதம் தாங்கும் உரிமையைத் தன் தீர்மானத்தில் சேர்த்தது என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் காந்தி அதை எழுதியது 1918இல், போருக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில். வீட்டு அலமாரியை மனத்தில் வைத்து அவர் எழுதவில்லை. கராச்சித் தீர்மானமும் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட உரிமையையே பேசியது. இந்தக் கதையின் கடைசி அத்தியாயத்தை அவர்கள் சொல்வதில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அப்படியானால் திருடருக்கும் வழக்கமான குற்றவாளிக்கும் அதே உரிமை கிடைத்துவிடுமே என்று அம்பேத்கர் எதிர்த்தார். திருத்தம் வீழ்ந்தது. அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத்தான் இந்தியக் குடிமகன் பத்தொன்பதாம் உறுப்பில் பெற்றான். 2023 பிப்ரவரியில் உரிமமில்லா ஆயுதங்களைப் பற்றிப் பேசிய உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவைப் போல இங்கே ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அன்று என்று நினைவூட்டியது. அடிமைப்பட்டதால் அன்று இழந்ததை, விடுதலை பெற்றவர்கள் ஆராய்ந்து பார்த்து வேண்டாம் என்று வைத்தார்கள்.

இன்னொரு செய்தியைத் தயங்கித் தயங்கியே பேச வேண்டியிருக்கிறது. வீட்டுத் துப்பாக்கி யாரைக் கொல்கிறது? 1993இல் ஆர்தர் கெல்லர்மனும் அவருடைய சகாக்களும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு என்றும், கொன்றவர் பெரும்பாலும் உறவினரோ அறிமுகமானவரோ என்றும் கண்டது. ஆபத்தான சூழலில் வாழ்பவர்களே துப்பாக்கி வாங்குகிறார்கள், ஆகவே காரணத்தையும் விளைவையும் குழப்பக்கூடாது என்ற மறுப்பு உண்டு. அது மதிக்கத்தக்க மறுப்பு. ஆனால் தற்கொலை குறித்த செய்தியை அது அசைப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகப் புள்ளிவிவரப்படி இந்தியாவின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 12.4. கேரளத்தில் 28.5. தனிமை, நோய், கடன் என்று காரணங்கள் பல இருக்கலாம். உயிர்க்கொல்லியான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது அந்த ஒரு கொடும் பொழுது கடந்துபோகிறது என்பதற்கு இலங்கை சான்று. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு, 1995இல் உச்சத்தில் இருந்த அங்குள்ள தற்கொலை விகிதம் பத்தே ஆண்டுகளில் பாதியாகக் குறைந்தது. தனிமையில் வாடும் முதியவர் வீட்டுக்குத் தோட்டா பரிந்துரைக்கும் மகன், திருடனை மட்டுமே நினைக்கிறான். அப்பாவின் இரவுகளை அவன் நினைக்கவில்லை.

அச்சம் பொய்யன்று. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் வஞ்சியூர்ப் பகுதியில், கூரியர் கொண்டுவந்தவர்போல முகம் மறைத்து வந்த ஒருவர், வீட்டுவாசலில் வைத்தே ஒரு பெண்ணை ஏர்கன்னால் சுட்டுக் காயப்படுத்தினார். நடந்தது பகலில். அந்த வீட்டு அலமாரியில் பத்துப் பெட்டி எஸ்.ஜி. தோட்டா இருந்திருந்தாலும் என்ன செய்திருக்கும்? பயன்பட்டிருக்கக் கூடியவை கதவுச் சங்கிலி, வெளியே பார்க்கும் துளை, கம்பிக்கதவைத் திறக்காமல் பேசும் பழக்கம் ஆகியவைதாம். இவற்றைப் பற்றிக் காணொளிகள் அதிகம் வருவதில்லை, ஏனெனில் இவற்றில் வீரம் இல்லை.

ஸ்ரீவராகத்துக்கு வேண்டியவை சிறியவை. வாசலிலும் கொல்லையிலும் ஆள் நடமாடினால் எரியும் விளக்கு, உறுதியான தாழ்ப்பாள், படுக்கையறையிலிருந்தே அழைக்க 112, மனம் தளரும் இரவுகளுக்கு டெலி-மானஸின் 14416. ஊருக்குப் போகும்போது பூட்டிய வீட்டைப் பற்றிக் கேரள போலீசின் போல்-ஆப் செயலியில் தெரிவிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தால் வந்து கதவைத் தட்டும் அடுத்த வீட்டார். அந்த அடுத்த வீட்டார் இரவில் கதவைத் தட்ட அஞ்சும் வீடு, எந்தத் தோட்டா வைத்திருந்தாலும் பாதுகாப்பான வீடு அன்று.

தோட்டாவைக் கவனமாகத் தேர வேண்டிய இடம் கேரளத்தில் உண்டு. 2022 மே மாதம், விளைநிலத்தை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை மாநில அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அங்கே சிறிய ரவை விலங்கைக் கொல்லாமல் புண்படுத்தி ஓடவிடும், அது கொடுமை. பெரிய ரவை பொறுப்பானது. அங்கே சுடுவதற்கு முன்பே ஓர் ஆணை இருக்கிறது, சுடுபவர் உரிமம் பெற்றவர், சுட்ட விலங்குக்குக் கணக்கு உண்டு. ஒரு காட்டுப்பன்றியின் உயிருக்கு இத்தனை நிதானம் வேண்டும் என்று கருதும் நாடு, வீட்டுக் கூடத்து இருட்டில் நிற்கும் மனிதருக்கு அதில் பாதியாவது கொடுக்க வேண்டாமா?

வராகத்தின் பெயர் தாங்கிய ஊரில் அந்தத் தந்தை செய்யக்கூடியது எளியது. துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டு, அந்த அலமாரியைப் புத்தகங்களுக்கோ பாத்திரங்களுக்கோ விடலாம். மகன் செய்யக்கூடியது இன்னும் எளியது. அடுத்த முறை அழைக்கும்போது தோட்டாவைப் பற்றிக் கேட்காமல், நேற்று இரவு தூக்கம் வந்ததா என்று கேட்கலாம்.